ஒரு வீட்டுக்கு ஒரு காவல்காரர் போதும்

பழைய லேப்டாப்புக்கு எந்த ஆன்டிவைரஸ் போடலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் கொஞ்சம் வரலாறு.

1971இல் அமெரிக்காவின் அர்பாநெட்டில் 'க்ரீப்பர்' என்ற நிரல் கணினி விட்டுக் கணினி தாவியது. அதைத் தேடி அழிக்க 'ரீப்பர்' என்ற நிரலை எழுதினார் ரே டாம்லின்சன். 1986இல் லாகூர் சகோதரர்கள் இருவர் எழுதிய 'பிரெயின்', ஃப்ளாப்பி வழியே நாடு நாடாகப் பரவியது. அன்று ஆன்டிவைரஸ் கையில் இருந்த அடையாளப் பட்டியல் சின்னது. வைரஸ்கள் பெருகப் பெருகப் பட்டியலும் பெருத்தது. திறக்கும் கோப்பையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் பழைய கணினிக்கு மூச்சு வாங்கியது.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே சேர்ந்து வந்தது. இது தெரியாமல் என் லேப்டாப்பில் காசுக்கு ஒன்று, இலவசமாக ஒன்று என இரண்டைப் போட்டு வைத்தேன். அது திறப்பதற்குள் காபி ஆறிவிடும். இரண்டையும் நீக்கினேன். டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்தது, லேப்டாப்பும் பிழைத்தது.

ஆகவே பயந்துபோய்ப் புதிதாக எதையும் வாங்காதீர்கள். அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அப்டேட் நின்றுபோன கணினியில் வங்கி வேலை வேண்டாம். சுவரில் ஓட்டை இருந்தால் வாசலில் காவல்காரர் நின்று என்ன பயன்?

அன்புடன், உங்கள் ஆசிரியர்.