மறக்கப்பட்ட மிடறு: பார்க்கின்சன் நோயில் விழுங்கற் சிகிச்சையின் வரலாறு

1817ஆம் ஆண்டு, இலண்டனின் ஹொக்ஸ்ரன் பகுதியில் வைத்தியத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்குவாதம் பற்றி 66 பக்கங்கள் கொண்ட சிறுநூலொன்றை வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்காட்டிய நோயாளர் அறுவரே. அவர்களுள் இருவர் வீதியில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள். இன்னொருவர் தொலைவில் நின்று நோக்கப்பட்டவர். இத்துணைச் சிறிய ஆதாரத்தினின்று அவர் வரைந்த நோய்ச்சித்திரம் இன்றுவரை பெரும்பாலும் நிலைத்து நிற்பது வியப்புக்குரியது. நடுங்கும் கை, முன்வளைந்த உடல், ஓட்டமாக மாறும் நடை ஆகிய மூன்றையும் பின்வந்தோர் பலவாறு எடுத்தாண்டனர். ஆனால், அந்நூலின் வேறொரு பகுதி அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. நோய் முற்றிய காலத்தில் உணவை மெல்லும்வரை வாயில் வைத்திருத்தலும், மென்றபின் விழுங்குதலும் அரிதாகின்றன எனவும், உமிழ்நீர் பின்தொண்டைக்குச் செலுத்தப்படாமையால் உணவுத் துணுக்குகளுடன் வெளியே வழிகின்றது எனவும் அவர் எழுதியிருந்தார். இதற்கென அவரிடம் தனிச் சிகிச்சை எதுவும் இருக்கவில்லை. கழுத்தின் மேற்பகுதியில் இரத்தம் வெளியேற்றுதல், கொப்புளம் எழுப்புதல் என்பனவே நோய் முழுமைக்கும் அவர் கூறிய பரிகாரங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டியவர் பாரிசின் சல்பெத்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த ஷார்க்கோ. அவர் கூர்ந்த நோக்கினர். நோயாளரின் தலையில் நீண்ட இறகைப் பொருத்தி அதன் அசைவைக் கொண்டே நடுக்கத்தின் இயல்பை ஆராய்ந்தவர். கண்ணுக்குத் தெரிவதே ஆய்வுக்குரியது என்ற அக்கால மருத்துவத்தின் போக்கை அவ்விறகு உணர்த்துகின்றது எனலாம். தொண்டையினுள் நிகழ்வதற்கு இறகு பொருத்த இயலாது. ஷார்க்கோவின் காலத்தில் வழங்கப்பட்ட மருந்துகள் ஊமத்தையிற் காணப்படும் காரப்போலிகளின் இனத்தைச் சேர்ந்தவை. அவை நடுக்கத்தை ஓரளவு தணித்தன; வாயையும் உலரச் செய்தன. எச்சில் வழிவது நின்றதால் நன்மை விளைந்ததாகத் தோன்றியிருக்கும். உண்மையில், எச்சில் மிகுதியாகச் சுரப்பதன்று, அடிக்கடி விழுங்கப்படாமையே குறை. உலர்ந்த வாயிலிருந்து உணவு வழுக்கி இறங்குவதோ மேலும் கடினம்.

1960ஆம் ஆண்டு வியன்னாவில் ஏறிங்கரும் ஹோர்னிகீவிச்சும் இந்நோயாளரின் மூளையில் டோபமீன் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். 1967இல் ஐக்கிய அமெரிக்காவில் கொட்சியாஸ், டோபாவைப் படிப்படியாகக் கூட்டி வாய்வழி கொடுத்துப் பெரும் வெற்றி கண்டார். அசையாதிருந்தோர் எழுந்து நடந்தனர். மிடறு மட்டும் அவ்விடுதலையில் உரிய பங்கைப் பெறவில்லை. லெவோடோபா விழுங்கலைச் சீராக்குகின்றது என்பதற்கு ஆதாரமில்லை என 2009இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று முடிவு கூறியது. இதன் காரணம் குறித்து 2003இல் பிராக்கும் சக ஆய்வாளரும் முன்வைத்த கருத்து மனங்கொள்ளத்தக்கது: டோபமீன் சுரக்கும் பகுதி பாதிக்கப்படுவதற்கு முன்னரே, மூளைத்தண்டிலுள்ள அலையும் நரம்பின் கருவில் நோய் தொடங்குகின்றது என்பதே அது. அவ்வாறாயின், டோபமீனை ஈடுசெய்வதால் மட்டும் தொண்டையின் குறை தீருமென எதிர்பார்ப்பதற்கில்லை.

அக்குறையோ சாமானியமானதன்று. விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து வாதனாளியின் வாயில் அடைபட, உணவு களத்தினுட் செல்கின்றது. இவ்வொழுங்கு ஒரு கணம் பிந்தினாலும் உணவோ நீரோ சுவாசப்பையை நோக்கி இறங்கும். சுகதேகிக்கு உடனே புரையேறும். பார்க்கின்சன் நோயாளர் பலருக்கு இருமல்கூட வருவதில்லை. விழுங்கல் கடினமெனத் தாமே கூறுவோர் மூவருள் ஒருவரளவினர்; சோதித்துப் பார்க்குமிடத்து ஐவருள் நால்வரிடம் குறை காணப்படுகின்றது என 2012ஆம் ஆண்டின் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. இந்நோயாளரின் மரணத்துக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று நியூமோனியா என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும்.

மறைந்திருந்ததைக் காட்சிக்குக் கொணர்ந்தவர்கள் நரம்பியல் வல்லுநர்கள் மட்டுமல்லர். பேச்சுச் சிகிச்சையாளரின் பங்கே இதில் முதன்மையானது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்து ஜெரி லோகெமானும் சக ஆய்வாளரும் 1975இல் நடுக்க நோயாளரின் பேச்சையும் விழுங்கலையும் எக்ஸ்-கதிர் அசைபடத்தில் ஒப்புநோக்கினர். பின்னர் லோகெமான், பேரியம் கலந்த சிறு சிறு கவளங்களை உண்ணச் செய்து, எக்கட்டத்தில் எது வழிதவறுகின்றது என்று காணும் முறையைச் செப்பனிட்டார். 1983இல் வெளிவந்த அவரது நூல் இத்துறைக்கே அடிப்படையாயிற்று. நாடியைத் தாழ்த்தி விழுங்குதல், நீரைத் தடிப்பாக்கிப் பருகுதல் முதலியன நடைமுறைக்கு வந்தன.

இவற்றுள் இரண்டாவது முறை பராமரிப்பு இல்லங்களில் ஏறக்குறையக் கேள்வியின்றியே பரவியது. அதனை உரைத்துப் பார்த்ததும் லோகெமானின் குழுவினரே என்பது அவர்களது நேர்மைக்குச் சான்று. பார்க்கின்சன் நோயோ மறதிநோயோ உடைய 711 பேரிடம் நடத்திய ஆய்வில், எக்ஸ்-கதிரின் முன்னிலையில் தேனளவு தடித்த நீரே வாதனாளியைச் சிறப்பாகக் காத்தது. ஆனால் 515 பேரை மூன்று மாதம் தொடர்ந்து அவதானித்தபோது, நியூமோனியா கண்டோர் ஏறத்தாழ 11 சதவீதத்தினர். நாடி தாழ்த்தியோருக்கும் தடித்த நீர் பருகியோருக்குமிடையே நம்பத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தடித்த நீர் பருகியோரிடையே உடல்நீர் குறைந்தவர்கள் கூடுதலாகவும் இருந்தனர். இம்முடிவுகள் 2008இல் வெளியாயின. முதியவரொருவரிடமிருந்து தெளிந்த தண்ணீர்க் குவளையை வாங்கிக்கொண்டு கூழ் போன்றதொன்றைக் கொடுப்பது சிறிய காரியமன்று. அவரது நாளாந்த இன்பங்களுள் எஞ்சியிருப்பதே அதுவாகவும் இருக்கலாம். அதனைப் பறிப்பதற்கு எக்ஸ்-கதிர்ப் படமொன்று மட்டும் போதிய நியாயமாகுமா என்ற கேள்வியை அவ்வாய்வு எழுப்பிவிட்டது.

2010இல் ட்ரோஷும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு வேறு திசையிற் சென்றது. பார்க்கின்சன் நோயாளர் 60 பேரில் ஒரு பாதியினர், திறக்க விசை வேண்டும் வால்வு பொருந்திய சிறு குழலொன்றை ஊதிப் பழகினர். மறுபாதியினருக்கு விசையற்ற போலிக்குழல் வழங்கப்பட்டது. நாளொன்றுக்கு 20 நிமிடம், வாரத்தில் 5 நாள், நான்கு வாரம். மூச்சை வெளித்தள்ளும் அப்பயிற்சியில் குரல்வளையை உயர்த்தும் தசைகளும் உழைத்தன. விசைக்குழலை ஊதியோர் விழுங்கும்போது வாதனாளி முன்னிலும் நன்றாகக் காக்கப்பட்டது. அவர்களை அச்சோதனையில் விழுங்கச் செய்த பானம் தடிப்பாக்கப்படாத நீர்மமே.