சேற்றுக் குமிழியும் உமிழ்வுக் கணக்கும்

நீர் நிற்கும் நெல் வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழிகள் எழும். உழவர் அன்றாடம் காணும் இக்காட்சியை முறையான ஆய்வுக்குரிய வினாவாக்கியவர்கள், சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலர் டபிள்யூ. எச். ஹாரிசனும் அவருடன் பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும். கோயம்புத்தூரில் நிகழ்ந்த அவ்வாய்வின் முதற்பகுதி 1913-இல் வெளியாயிற்று. காலநிலை அன்று எவர் கவலையும் அன்று. காற்றுப் புகாத சேற்றில் நெல்லின் வேர் எவ்வாறு பிழைக்கிறது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

குமிழிகளில் மீத்தேனும் நைட்ரஜனும் மிகுந்திருந்தன. ஆனால் அவ்வாயு அப்படியே வெளியேறவில்லை. சேற்றின் மேற்படிந்த மெல்லிய படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் மீத்தேனைக் கரியமில வாயுவாக மாற்றின. அதை உட்கொண்ட பாசி ஆக்சிஜனை வெளிவிட்டது. மீத்தேனை உண்ணும் பாக்டீரியாவை டெல்ஃப்ட் நகரில் சோன்கென் விவரித்தது 1906-இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை புலப்படும். வேருக்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் பயிரின் காற்றறைத் திசு வழியாகவே இறங்குகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. விளக்கத்தின் அப்பகுதி நிலைக்கவில்லை. படலம் பற்றிய கண்டுபிடிப்பு நிலைத்தது.

1990-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேனை உமிழ்வதாக மதிப்பிட்டது. அயல்நாட்டு வயல்களில் அளந்த வீதத்தை இந்தியப் பரப்பால் பெருக்கிய கணக்கு அது. காவிரிப் படுகையும், வங்காளத்து ஆழ்நீர் நிலமும், வானம் பார்த்த மேட்டு நெல்லும் ‘நெல் வயல்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டன. பன்னாட்டுக் காலநிலைப் பேச்சுகள் தொடங்கிய வேளை. பழி யார்மீது விழும் என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கக்கூடும். உழவரின் மீத்தேனையும் செல்வரின் கார்ப் புகையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் வினவினர். அதே ஆண்டில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா ஒருங்கிணைத்த குழுக்கள் பல மாநிலங்களில் வயலிலேயே அளந்தன. கிடைத்தது ஏறத்தாழ 40 லட்சம் டன். முந்தைய மதிப்பில் பத்தில் ஒரு பங்கு.

கணக்கு அத்துடன் முடியவில்லை. மீத்தேனைக் குறைக்க வயலை இடையிடையே காயவிட்டால், காற்றுப் பட்ட மண்ணில் நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும். மீண்டும் நீர் நிறுத்துகையில் வேறு நுண்ணுயிரிகள் அந்த நைட்ரேட்டைச் சிதைக்கும். இடையில் நைட்ரஸ் ஆக்சைடு கசியும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 273 மடங்கு வெப்பம் ஏற்றுவது. யூரியா இட்ட சில நாள்களிலேயே இக்கசிவு உயர்ந்து தணிந்துவிடுவதால், வாரம் ஒருமுறை அளப்பவருக்கு அது அகப்படாமலே போகக்கூடும்.