சென்ட்ரல் லாக்கிங் பழுது

காரின் எல்லாக் கதவுகளையும் ஒரே சாவியிலோ ரிமோட் பட்டனிலோ பூட்டித் திறக்கும் அமைப்பில் வரும் கோளாறு. கதவுக்குள் ஆக்சுவேட்டர் என்ற பிளாஸ்டிக் கூட்டில் 12 வோல்ட் மோட்டார் ஒன்று இருக்கும். மின்சாரத்தின் திசை மாறினால் அது எதிர்ப்பக்கம் சுழன்று பூட்டை நகர்த்தும். வெளியில் வாங்கிப் பொருத்தும் கிட்டுகளில் பொதுவாக டிரைவர் கதவு ஆக்சுவேட்டருக்கு 5 வயர், மற்றவற்றுக்கு 2 வயர்தான். டிரைவர் பக்கமே மற்ற கதவுகளுக்கு உத்தரவிடுகிறது.

நான்கு கதவும் அசையாவிட்டால் முதலில் ஃபியூஸ். சாவிக்குக் கட்டுப்பட்டு ரிமோட்டுக்கு மட்டும் அசையாவிட்டால் ரிமோட்டின் பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். ஒரே கதவு மட்டும் அடம்பிடித்தால் காதைக் கதவோடு வைத்துக் கேட்க வேண்டும். ‘டர்ர்’ என்று சத்தம் வந்தும் பூட்டு நகராவிட்டால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கும், இல்லை கம்பி கழன்றிருக்கும். சத்தமே இல்லையென்றால் பலர் நேராக ஆக்சுவேட்டரை மாற்றிவிடுகிறார்கள், அது அவசரம். கதவுக்கும் தூணுக்கும் நடுவே வளைந்து போகும் ரப்பர் குழாயை உருவிப் பார்ப்பதே முதல் வேலை. கதவைத் திறந்து திறந்து மூடியதில், அதனுள் செல்லும் வயரின் மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்து கிடப்பதுண்டு. அதிகம் திறக்கும் டிரைவர் கதவில்தான் இது அடிக்கடி நேரும்.

பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 கார்களில் மோட்டாருக்குப் பதில் காற்று உறிஞ்சு விசையே பூட்டை இயக்கியது. அங்கே தேட வேண்டியது வயரை அல்ல, கசியும் குழாயை.