மவுரிட்ஸ், நாசௌ (1567–1625)

நாசௌ பிரபு மவுரிட்ஸ் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் டச்சுக் குடியரசின் படைகளை ஏறத்தாழ 40 ஆண்டுகள் நடத்தியவர். ஆங்கிலத்தில் மொரிஸ் எனப்படுகிறார். திறந்தவெளிப் போர்களைக் கூடியவரை தவிர்த்து, முற்றுகைகளால் கோட்டை நகரங்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றியவர். அவர் வகுத்த படைப்பயிற்சி முறையைப் பின்னர் ஐரோப்பியப் படைகள் பலவும் மேற்கொண்டன. 1618 முதல் ஆரஞ்சு இளவரசர் பட்டத்தையும் தாங்கினார்.

பிறப்பும் இளமையும்

மவுரிட்ஸ் 1567 நவம்பர் 14 அன்று ஜெர்மனியின் டில்லன்பர்க் கோட்டையில் பிறந்தார். தந்தை, டச்சுக் கிளர்ச்சியின் தலைவர் ஆரஞ்சு இளவரசர் வில்லெம். தாய், சாக்சனியின் ஆன்னா. தாய்வழிப் பாட்டனாரான சாக்சனி இளவரசர் மோரிட்ஸின் பெயரே பேரனுக்கு வைக்கப்பட்டது. பெற்றோரின் மணவாழ்க்கை சில ஆண்டுகளில் முறிந்தது. முதல் தாரத்து மகனான மூத்தவர் பிலிப்ஸ் வில்லெமை 1568இல் ஸ்பானியர் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து பிணையாளாகக் கொண்டுபோனார்கள். அதனால் இளையவரான மவுரிட்ஸ் தந்தையின் அரசியல் வாரிசானார்.

ஹைடல்பர்கிலும், பின்னர் தந்தை நிறுவிய லைடன் பல்கலைக்கழகத்திலும் அவர் கல்வி கற்றார். 1584 ஜூலை 10 அன்று டெல்ஃப்ட் நகரில் வில்லெம் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 16. அதே ஆண்டில் நாட்டு ஆலோசனை மன்றத்தின் தலைவராக்கப்பட்டார். 1585இல் ஹாலந்து, சீலாந்து மாகாணங்களின் ஸ்டாட்ஹவுடர் ஆனார். முன்பு மன்னரின் பிரதிநிதியாக இருந்த மாகாண ஆளுநருக்குரிய பதவி இது. கிளர்ச்சிக்குப் பின் அந்தந்த மாகாணப் பேரவைகளே இப்பதவிக்கு ஆளை அமர்த்தின. ஆகவே ஸ்டாட்ஹவுடர் படையை நடத்தினாலும் பேரவைகளுக்குக் கட்டுப்பட்ட அலுவலராகவே இருந்தார். 1590–91இல் உட்ரெக்ட், ஓவர்ஐசல், ஹெல்டர்லாந்து மாகாணங்களும் அவரையே அமர்த்தின.

ஓல்டன்பார்னவெல்ட்டுடன் கூட்டு

மவுரிட்ஸின் எழுச்சிக்குத் துணைநின்றவர் யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட். 1586 முதல் ஹாலந்து பேரவையின் வழக்கறிஞராக இருந்த இவர், நடைமுறையில் குடியரசின் முதன்மை அமைச்சர் போலவே இயங்கினார். கருவூலமும் அயலுறவும் மூத்தவர் பொறுப்பு; களம் இளையவர் பொறுப்பு. செல்வ வளம் மிக்க ஹாலந்து மாகாணத்தின் வரிப்பணம் படைவீரர்களுக்குத் தவணை தவறாமல் சம்பளமாகச் சென்றது. சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படைகள் அடிக்கடி கலகம் செய்துவந்த காலம் அது.

படைச் சீர்திருத்தங்கள்

ஃப்ரீஸ்லாந்தின் ஸ்டாட்ஹவுடரும் சித்தப்பா மகனுமான வில்லெம் லோடவைக்குடன் சேர்ந்து மவுரிட்ஸ் பண்டைய கிரேக்க, ரோமானியப் போர்நூல்களைப் பயின்றார். லைடன் பேராசிரியர் யுஸ்துஸ் லிப்சியுஸ் ரோமானியப் படையொழுங்கு பற்றி எழுதியவையும் இருவருக்கும் வழிகாட்டின.

அக்காலத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டுக் கெட்டிக்க நெடுநேரம் பிடித்தது. 1594 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் வில்லெம் லோடவைக் இதற்குத் தீர்வு ஒன்றை வரைந்து காட்டினார். வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பல வரிசைகளில் நிற்பார்கள். முன்வரிசை சுட்டதும் இடைவெளி வழியே பின்னால் சென்று மருந்திடத் தொடங்கும். அடுத்த வரிசை முன்னுக்கு வரும். முதல் வரிசையின் முறை திரும்பும்போது அதன் துப்பாக்கிகள் ஆயத்தமாக இருக்கும். இப்படிச் சூடு ஓயாமல் தொடரும். நெருக்கடியிலும் வரிசை குலையாதிருக்க நாள்தோறும் பயிற்சி தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்கும் பெரும் அணிகளுக்குப் பதிலாகச் சில நூறு பேர் கொண்ட சிற்றணிகளும் உருவாயின. துப்பாக்கியையும் நீள ஈட்டியையும் கையாளும் அசைவுகள் ஒவ்வொன்றையும் காட்டும் யாக்கோப் டி கேய்னின் படநூல் 1607இல் வெளிவந்தது.

கணித அறிஞர் சிமோன் ஸ்டெவின் மவுரிட்ஸுக்கு ஆசானாகவும் கோட்டையமைப்பில் ஆலோசகராகவும் விளங்கினார். பொறியாளர்களைப் பயிற்றுவிக்க 1600இல் லைடனில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பாடங்கள் இலத்தீனில் அல்லாமல் டச்சு மொழியில் நடந்தன. மண்வெட்டுவது உழவரின் வேலை, வீரருக்கு இழுக்கு என்ற எண்ணத்தையும் மவுரிட்ஸ் மாற்றினார். பதுங்குகுழி வெட்டிய வீரர்களுக்குத் தனிக்கூலி வழங்கப்பட்டது.

முற்றுகை ஆண்டுகள்

1590 மார்ச்சில் எரிபொருளான கரிமண் (பீட்) ஏற்றிவந்த படகுக்குள் சுமார் 70 வீரர்களை ஒளித்துவைத்து பிரேடா கோட்டை கைப்பற்றப்பட்டது. அதே ஆண்டு ஸ்பானியத் தளபதி பார்மா கோமகன் பிரான்சின் உள்நாட்டுப் போருக்கு அனுப்பப்பட்டதால் டச்சுக்காரர்களுக்கு வழி பிறந்தது. ஆறுகளின் வழியே பீரங்கிகளைப் படகில் விரைந்து கொண்டுசென்ற மவுரிட்ஸ், 1591இல் மட்டும் சுட்ஃபன், டெவன்டர், ஹுல்ஸ்ட், நைமேகன் நகரங்களைப் பிடித்தார். 1593இல் ஹேர்ட்ராய்டன்பர்கை முற்றுகையிட்டபோது, நகரைச் சுற்றிலும் தன் படைக்கு அரணாக இன்னொரு மண்கோட்டையே எழுப்பினார். மீட்க வந்த ஸ்பானியப் படையால் அதைத் துளைக்க முடியவில்லை. 1594இல் குரோனிங்கன் வீழ்ந்தது. 1597 ஜனவரியில் துர்ன்ஹவுட் அருகே குதிரைப்படையைக் கொண்டு ஒரு ஸ்பானியப் படையைச் சிதறடித்தார்.

நியூபோர்ட்

1600இல் டச்சுக் கப்பல்களைச் சூறையாடிவந்த டன்கர்க் துறைமுகத்தைக் கைப்பற்ற, ஓல்டன்பார்னவெல்ட்டின் வற்புறுத்தலால் குடியரசின் பொதுப் பேரவை முடிவெடுத்தது. எதிரி நிலத்துக்குள் அவ்வளவு தொலைவு செல்வதை மவுரிட்ஸ் விரும்பவில்லை, ஆனாலும் பணிந்தார். ஸ்பானியத் தரப்பை நடத்திய ஆர்ச்டியூக் ஆல்பர்ட்டின் படை எதிர்பாராத வகையில் பின்புறத்தை அடைத்துவிட, ஜூலை 2 அன்று நியூபோர்ட் கடற்கரையிலும் மணற்குன்றுகளிலும் போர் மூண்டது. நெடுநேரம் இழுபறியாக நடந்த சண்டையில் டச்சுத் தரப்பு வென்றது. ஆயினும் டன்கர்க் கிட்டவில்லை, படை திரும்பிவிட்டது. வெற்றி பெற்ற அந்தப் போரிலிருந்தே மவுரிட்ஸுக்கும் ஓல்டன்பார்னவெல்ட்டுக்கும் இடையே கசப்பு வளர்ந்தது.

அதன்பின் போர் தேங்கியது. 1604இல் மவுரிட்ஸ் ஸ்லைஸ் நகரைப் பிடித்தார். அதே ஆண்டு, மூன்றாண்டு முற்றுகைக்குப் பின் ஓஸ்டெண்ட் ஸ்பானியத் தளபதி ஸ்பினோலாவிடம் வீழ்ந்தது.

போர்நிறுத்தமும் பிளவும்

1609இல் ஸ்பெயினுடன் 12 ஆண்டுப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அதை முன்னின்று முடித்தவர் ஓல்டன்பார்னவெல்ட், எதிர்த்தவர் மவுரிட்ஸ். வெளிப்போர் ஓய்ந்ததும் உட்பூசல் கிளம்பியது. மீட்படைவோரை இறைவன் முன்னரே தேர்ந்துவிடுகிறார் என்னும் முன்தெரிவுக் கொள்கை குறித்து லைடன் பேராசிரியர்கள் அர்மினியுஸ், கோமாருஸ் ஆகியோரிடையே எழுந்த வாதம் நாட்டையே இரண்டாக்கியது. ஓல்டன்பார்னவெல்ட் அர்மினியுஸ் தரப்பினருக்குக் காப்பளித்தார். மவுரிட்ஸ் 1617 ஜூலையில் எதிர்த்தரப்பின் தேவாலயத்தில் வழிபாட்டுக்குச் சென்று தன் சார்பை வெளிப்படுத்தினார். அடுத்த மாதம், நகரங்கள் தத்தம் காவல்படைகளைத் திரட்டலாம் என ஹாலந்து பேரவை தீர்மானித்தது. தன் தலைமைக்கு விடப்பட்ட அறைகூவலாகவே மவுரிட்ஸ் அதை எடுத்துக்கொண்டார்.

1618இல் அந்தக் காவல்படைகளைக் கலைத்த அவர், ஆகஸ்ட் 29 அன்று ஓல்டன்பார்னவெல்ட்டையும் சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியஸையும் கைதுசெய்வித்தார். தனி நீதிமன்றம் ஓல்டன்பார்னவெல்ட்டுக்கு மரண தண்டனை விதித்தது. 1619 மே 13 அன்று ஹேக் நகரில் 71 வயது முதியவரின் தலை வெட்டப்பட்டது. ஆயுள் சிறை பெற்ற குரோஷியஸ் 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார்.

இறுதி ஆண்டுகள்

குடியரசில் மவுரிட்ஸுக்கு இப்போது போட்டியாளர் எவருமில்லை. ஆனால் உள்நாட்டு அரசியலையும் பண ஏற்பாட்டையும் ஒருசேர நடத்தவல்ல பழைய துணையும் இல்லை. 1621இல் போர் மீண்டும் தொடங்கியது. 1622இல் பெர்ஹன் ஒப் சோம் முற்றுகையிலிருந்து மீட்கப்பட்டது தவிர, சொல்லத்தக்க வெற்றி கிட்டவில்லை. 1623இல் ஓல்டன்பார்னவெல்ட்டின் மகன்கள் பங்குகொண்ட கொலைச்சதி ஒன்று அம்பலமானது. மூத்தவர் ரைனியர் கொலைமேடையில் தலையிழந்தார். 1624இல் ஸ்பினோலா பிரேடாவைச் சூழ்ந்தபோது மவுரிட்ஸ் நோயுற்றிருந்தார். 1625 ஏப்ரல் 23 அன்று ஹேக் நகரில் காலமானார். டெல்ஃப்ட் புதிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சில வாரங்களில் பிரேடா சரணடைந்தது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மார்கரீத்தா வான் மெகலனிடம் பிறந்த மகன்களுக்குப் பட்டத்தில் உரிமை இல்லாததால், தம்பி ஃபிரெடரிக் ஹென்ட்ரிக் வாரிசானார்.

கடல்கடந்த பெயர்

மவுரிட்ஸ் ஆசியாவுக்கு வந்ததில்லை. எனினும் டச்சு வணிகர்கள் அவர் பெயரை முன்வைத்தே கீழை அரசர்களிடம் உறவு நாடினார்கள். 1602இல் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி சென்ற யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன், மன்னர் விமலதர்மசூரியனிடம் மவுரிட்ஸின் தூதராகவே நடந்துகொண்டார். அதே ஆண்டு ஆச்சே சுல்தானின் தூதர்கள் ஐரோப்பா சென்று மவுரிட்ஸை அவரது போர்ப்பாசறையில் சந்தித்தார்கள். இந்தியப் பெருங்கடலில் 1598இல் டச்சு மாலுமிகள் ஒரு தீவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் அதை மாற்றினாலும், 1810இல் தீவைக் கைப்பற்றிய பிரித்தானியர் பழைய பெயரையே மீட்டார்கள். தமிழரும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மொரீசியஸ் அதுவே.