வணிகர்க்கு உற்ற நூல் எது?

அன்னம், அபயம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் இறுதியாகச் சொல்லப்படுவது சாத்திரதானம். ஓலைச் சுவடிகளைப் படியெடுத்துப் பள்ளிகளுக்கும் முனிவர்களுக்கும் வழங்குதலை நம் முன்னோர் பெரும்பேறாகக் கருதினர். அவ்வழக்கத்தின் எச்சமாகவே நம் விழாக்களில் இளையோர்க்கு நூல்கள் பரிசளிக்கப்படுகின்றன. இம்முறை சொந்தத் தொழில் தொடங்கும் இளைஞர் சிலர்க்கு வணிகத் திட்டமிடல், மேலாண்மை ஆகிய துறைகளில் நூல்கள் தேர்ந்து தரும் பொறுப்பு அடியேனிடம் வந்தது. நிலமும் பள்ளிக்கூடமுமே வாழ்க்கையாக இருந்த நயினார் குடும்பத்தில் பிறந்த எனக்கு அப்பணி எளிதாக இல்லை. புத்தகக் கடையில் ஒரு சுவர் நிறைய அத்தகைய நூல்களே. ஒவ்வொன்றும் வெற்றியின் இரகசியத்தைத் தான் மட்டுமே அறிந்ததாக அட்டையிலேயே பேசிற்று. ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பினேன். வணிகர்க்கு உண்மையில் பயன்பட்ட நூல்கள் எவை, அவற்றை எழுதியவர் யாவர் என்று வரலாற்றைப் பார்த்துவிட்டு மறுபடியும் கடைக்குப் போவதே நல்லதென்று தோன்றிற்று.

இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 850இல், மகாவீராசாரியர் என்னும் சமண அறிஞர் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் நூலை வடமொழியில் இயற்றினார். வட்டிக் கணக்கு, கூட்டு முதலீட்டில் ஆதாயத்தைப் பகிர்தல், வெவ்வேறு மாற்றுடைய பொன்னை உருக்கிச் சேர்த்தால் கிடைக்கும் மாற்று என வணிகனின் அன்றாடச் சிக்கல்களுக்கு அதில் ஓர் அதிகாரமே உண்டு. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியர் இந்நூலைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, சென்னை அரசாங்கம் 1912இல் வெளியிட்டது. இதைப் படித்தால் செல்வந்தராகலாம் என்ற வாக்குறுதி அதில் இல்லை. கணக்கைத் தருகிறது, வழியைத் தருகிறது, அவ்வளவே.

அதனினும் என் நெஞ்சைக் கவர்ந்தவர் டக்குர ஃபேரு. ஸ்ரீமால குலத்துச் சமணராகிய இவர் அலாவுதீன் கில்ஜியின் ஆட்சியில் தில்லியில் பணியாற்றியவர். சுல்தானின் கருவூலத்து மணிகளைக் கண்ணாரக் கண்ட அனுபவத்தைக் கொண்டு 1315இல் ‘இரத்தின பரீட்சை’ எழுதினார். பின்னர் முபாரக் ஷாவின் காலத்தில் தில்லி அக்கசாலையில் பெற்ற அறிவைக் கொண்டு 1318இல் ‘திரவிய பரீட்சை’ எழுதினார். அக்காலத்து வட இந்தியச் சந்தைகளில் பல அரசர்களின் நாணயங்கள் ஒருங்கே புழங்கின. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவற்றுள் ஒன்றில் வெள்ளி மிகுதி, மற்றொன்றில் செம்பு மிகுதி. அறியாத வணிகன் ஒரே மாற்றத்தில் முதலை இழப்பான். ஃபேரு நாணயம் நாணயமாக எடை, அதில் அடங்கிய உலோகத்தின் அளவு, மாற்று விலை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். உலோகத்தைப் புடமிட்டுத் தூய்மை செய்யும் முறையையும் சொன்னார். பண்டிதர்களின் வடமொழியில் அன்றி, பேச்சு வழக்குக்கு நெருங்கிய மொழியில் எழுதினார்.

இந்நூலை ஃபேரு தம் உடன்பிறந்தானுக்காகவும் மகனுக்காகவும் எழுதினார். வெள்ளியின் அளவைத் தவறாகக் குறித்தால் இழப்பு அயலான் தலையில் விழாது; தம் வீட்டிலேயே விழும். அவ்வாறு எழுதப்படும் நூலில் அலங்காரச் சொல்லுக்கு இடம் ஏது? ஃபேருவின் நூல்கள் அடங்கிய சுவடி ஒன்று 1946இல் கல்கத்தாவில் ஒரு சமண நூலகத்தில் நாஹடா குடும்பத்து அறிஞர்களின் கண்ணில் பட்டது. அச்சுவடி ஃபேருவின் காலத்துக்குச் சில பத்தாண்டுகள் பின்னே எழுதப்பட்டது. அதனைப் படியெடுத்தவரின் சாத்திரதானம் ஆறு நூற்றாண்டு காத்திருந்து பலித்தது எனலாம்.

மூன்றாமவர் பனாரசிதாசர். சௌன்பூரில் 1586இல் பிறந்த இவரைச் சமயக் கவிஞராகவே நம்மில் பலர் அறிவர். 1641இல், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், ஆக்ராவில் இருந்துகொண்டு ‘அர்த்தகதானகம்’ என்னும் தன் வரலாற்றைப் பிரஜ மொழிச் செய்யுளில் எழுதினார். மனிதனின் முழு ஆயுள் நூற்றுப்பத்து ஆண்டு என்னும் கணக்கில் அதற்குப் ‘பாதிக் கதை’ என்று பெயர். அதில் ஒரு வணிகனின் தோல்விகள் மறைவின்றிச் சொல்லப்பட்டுள்ளன.

தந்தை கரக்சேனர் மணிகளும் நெய்யும் எண்ணெயும் துணியும் கொடுத்து மகனை ஆக்ராவுக்கு அனுப்பினார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. தங்க இடம் தருவார் இல்லை. இறுதியில் ஒருவனுடைய கட்டிலின் கீழ் படுத்து இரவைக் கழிக்க நேர்ந்தது. ஆக்ரா சேர்ந்த பிறகும் நிலை மாறவில்லை. இடுப்பு நாடாவில் முடிந்து வைத்திருந்த மணிகள் நழுவித் தொலைந்தன. துணியில் பொதிந்து வைத்த வேறு சிலவற்றை எலிகள் இழுத்துச் சென்றன. கைமுதல் கரைந்த நிலையில் இரவுதோறும் ‘மதுமாலதி’, ‘மிருகாவதி’ என்னும் காதற் கதைகளை உரக்கப் படித்து, வந்து கேட்போரோடு பொழுது போக்கினார். அவர்களுள் ஒருவராகிய கச்சோரிக் கடைக்காரரிடம் மாதக்கணக்கில் கடனுக்கு உண்டார். பின்னர்க் கூட்டு வணிகம் செய்தும், வரவு செலவைக் கூட்டிப் பார்த்தபோது மிஞ்சியது ஒன்றுமில்லை.

நூல் வாசிப்பில் குறையில்லாதவரே பனாரசிதாசர். படித்தவை வேறு, செய்த தொழில் வேறு. அதனையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். தொழில் தொடங்கும் இளைஞன் ஒருவன் இதைப் படித்தால், சரக்கைக் காத்தல், கடனுக்கு வரம்பு கட்டல், கூட்டாளியோடு காலந்தோறும் கணக்குத் தீர்த்தல் ஆகிய மூன்றையும் எவரும் உபதேசிக்காமலே உணர்வான்.

மேனாட்டிலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. இரட்டைப் பதிவுக் கணக்கின் தந்தை என்று பாராட்டப்படும் லூக்கா பசியோலி 1494இல் வெனிசில் அச்சிட்ட நூலில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்நகர வணிகர் ஏற்கெனவே கையாண்டதை முறைப்படுத்தி எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. பிரெடரிக் டெய்லரின் 1911ஆம் ஆண்டு நூல் மேலாண்மையை அறிவியல் என்றது. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்பு சுமந்த தொழிலாளி, தம் முறையால் நாற்பத்தேழரை டன் சுமந்தார் என்னும் கதை அதில் புகழ்பெற்றது. 1974இல் ஆய்வாளர் இருவர் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, நடந்தது அவ்வாறு அன்று என்று காட்டினர். நூலின் கருத்து முழுதும் பொய்யாகிவிடவில்லை. ஆயினும் சான்று கதையாகிவிட்டது. 1982இல் பீட்டர்ஸ், வாட்டர்மன் இருவரும் 43 சிறந்த நிறுவனங்களை எடுத்துக்காட்டி எழுதிய நூல் இலட்சக்கணக்கில் விற்றது. இரண்டே ஆண்டில் அவற்றுள் பல தடுமாறுவதை ஒரு வணிக வார இதழ் அட்டைக் கட்டுரையாக்கிற்று. 2001இல் ஜிம் காலின்ஸ் போற்றிய 11 நிறுவனங்களுள் ஒன்றான சர்க்கியூட் சிட்டி 2008இல் திவாலாயிற்று. மற்றொன்றான ஃபேனி மேயை அதே ஆண்டில் அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

நிறுவனம் விழுவது நூலாசிரியரின் குற்றமன்று. வென்றவரை மட்டும் திரட்டி, அவர்களிடம் பொதுவாய் இருந்த பண்புகளையே வெற்றியின் காரணங்களாகச் சொல்லியதே குறை. அதே பண்புகளோடு தோற்றவர் எத்தனை பேர் என்று அத்தகைய நூல் எண்ணுவதில்லை. பனாரசிதாசர் போன்றவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

இதனால் புதிய நூல்கள் யாவும் வீண் என்றாகாது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்த ஆல்பிரட் சுலோன் 1964இல் வெளியிட்ட நினைவுநூலில், காற்றால் குளிரும் செப்பு எஞ்சின் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்து 1923இல் திரும்பப் பெற நேர்ந்த தோல்விக்குத் தனி அதிகாரம் உண்டு. ஆய்வுக்கூடத்தார் ஒரு பக்கமும் தொழிற்சாலையார் ஒரு பக்கமும் இழுத்ததை அவர் கடிதங்களோடு காட்டுகிறார். பீட்டர் டிரக்கரின் 1954ஆம் ஆண்டு மேலாண்மை நூலிலும், எடுத்துக்காட்டுகள் பழையவை ஆயினும், நம் வணிகம் எது, நம் வாடிக்கையாளர் யார் என்னும் கேள்விகள் இன்றும் தேய்ந்தபாடில்லை.

மறுபடி கடைக்குச் சென்றபோது அட்டையைப் பார்க்கவில்லை. ஆசிரியர் அத்தொழிலைச் செய்தவரா, தம் பிழையை எங்கேனும் ஒப்புகிறாரா, கணக்கு ஏதும் போட்டுக் காட்டுகிறாரா என்று உள்ளே புரட்டினேன். ஒரு மணி நேரத்தில் சுவர் நிறைந்த நூல்கள் ஒரு கை அளவாகச் சுருங்கின. டிரக்கரும் சுலோனும், பனாரசிதாசரின் ஆங்கில மொழிபெயர்ப்பும், எளிய கணக்கியல் நூல் ஒன்றுமாக இளைஞர் ஒவ்வொருவர்க்கும் நான்கு நூல்கள் கட்டி வைத்திருக்கிறோம். கட்டின் மேல் ஐந்தாவதாக ஒரு வெற்றுப் பேரேடும் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னவர், நெல் வணிகத்தில் இருமுறை நட்டப்பட்ட என் சிற்றப்பா.