வீரபத்ர சிங்: புஷஹர் அரியணையிலிருந்து சட்டமன்றத்துக்கு

வீரபத்ர சிங் (23 ஜூன் 1934 – 8 ஜூலை 2021) இமாச்சலப் பிரதேசத்தின் முதலமைச்சராக ஆறு முறை பதவியேற்றவர். மக்களவைக்கு ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். இந்திய விடுதலைக்கு முன் சிம்லா மலைச் சமஸ்தானங்களுள் பரப்பளவில் மிகப் பெரியதாக விளங்கிய புஷஹர் அரச குடும்பத்தில் பிறந்தவர். மாநில மக்கள் அவரைக் கடைசிவரை 'ராஜா சாகிப்' என்றே அழைத்தனர். அப்படி அழைத்த மக்களே அவரது ஆட்சியை நான்கு முறை தேர்தலில் தோற்கடித்தும் இருக்கிறார்கள்.

புஷஹர் நாடு

சட்லஜ் ஆற்றின் இரு கரைகளிலும் பரவி, திபெத் எல்லைவரை நீண்ட மலைநாடு புஷஹர். இன்றைய கின்னௌர் மாவட்டம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது. தலைநகர் ராம்பூர். கோடைத் தலைநகராக இருந்த சராகனில் அரச குடும்பத்தின் குலதெய்வமான பீமாகாளியின் மரக்கோயில் இன்றும் உள்ளது. கண்ணனின் மகன் பிரத்யும்னன் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது இக்குடும்பத்தின் மரபு. வாணாசுரன் ஆண்ட சோணிதபுரமே சராகன் என்றும், உஷை–அநிருத்தன் கதை நடந்த இடம் அதுவே என்றும் அப்பகுதி மக்கள் நம்புகின்றனர். இவையெல்லாம் புராணத்தின்பாற்பட்டவை. எனினும் ஓர் அரசியல்வாதி வாக்குக் கேட்டு வரும்போது இத்தகைய கதை அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்விடுகிறது என்பதை மறுக்க முடியாது.

தந்தை பதம் சிங் 1947-இல் மறைந்தபோது வீரபத்ருக்கு வயது 13. அரசராக ஆள அவருக்கு நாள் வாய்க்கவில்லை. 1948 ஏப்ரல் 15 அன்று சுமார் முப்பது மலைச் சமஸ்தானங்களை இணைத்து இமாச்சலப் பிரதேசம் உருவாக்கப்பட்டது. புஷஹரும் அதில் கரைந்தது. சிம்லாவின் பிஷப் காட்டன் பள்ளியிலும் தில்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரியிலும் அவர் படித்தார். பேராசிரியராக வேண்டும் என்பதே தமது விருப்பமாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் முதல் வாக்கைச் செலுத்தியவராக அறியப்படும் சியாம் சரண் நேகி, கின்னௌரின் கல்பாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். பனிக்காலத்துக்கு முன்பே வாக்குப்பதிவை முடிக்க வேண்டியிருந்ததால் 1951 அக்டோபரிலேயே அங்கு தேர்தல் நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை கல்பா புஷஹர் அரசரின் ஊர். ஆக, நாட்டின் முதல் வாக்கு விழுந்தது வீரபத்ரின் குடும்பம் ஆண்ட மண்ணில்தான்.

அரசர்களை எதிர்த்து எழுந்த மாநிலம்

இமாச்சலத்தின் அரசியலை வடிவமைத்தவர்கள் அரசர்கள் அல்லர். அவர்களை எதிர்த்துப் போராடிய பிரஜா மண்டலத்தினர். முதல் முதலமைச்சரான யஷ்வந்த் சிங் பர்மார், சிர்மூர் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்து அரசருடன் முரண்பட்டு வெளியேறியவர். அவரது ஆட்சியில்தான் பெருநில உடைமைகளை ஒழிக்கும் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இந்தப் பின்னணியில் ஓர் அரச வாரிசு காங்கிரசுக்குள் நுழைந்து மேலெழுவது எளிதான காரியமன்று.

1962-இல் நேருவின் காலத்தில், 27 வயதில், மகாசு தொகுதியிலிருந்து அவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967-இல் அதே தொகுதியிலும் 1971-இல் மண்டியிலும் வென்றார். முன்னாள் அரசர்களின் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம் 1971 டிசம்பரில் நிறைவேறியபோது, அதைக் கொண்டுவந்த ஆளுங்கட்சியின் உறுப்பினராக அவர் அவையில் இருந்தார். பல சமஸ்தானத்து வாரிசுகள் சுதந்திராக் கட்சியையும் ஜனசங்கத்தையும் நாடிய காலம் அது. 1976-இல் ஒன்றியத் துணை அமைச்சரானார். அடுத்த ஆண்டு நெருக்கடிநிலைக்குப் பிந்தைய தேர்தலில் மண்டியில் ஜனதா கட்சியின் கங்கா சிங்கிடம் தோற்றார். 1980-இல் மீண்டும் வென்றார்.

முதலமைச்சர்

1983-இல் மரம் வெட்டும் முறைகேட்டுக் குற்றச்சாட்டில் சிக்கிய முதலமைச்சர் ராம் லால் விலக, தில்லித் தலைமை வீரபத்ரை அனுப்பியது. ஏப்ரல் 8 அன்று பதவியேற்றார். ராம் லாலின் தொகுதியான ஜுப்பல்–கோட்காயிலேயே இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குள் வந்தார். ராம் லால் ஆந்திர ஆளுநராக அனுப்பப்பட்டார். 1984-இல் என். டி. ராமாராவ் அமைச்சரவையைக் கலைத்து நாடு முழுவதும் கண்டனத்துக்கு ஆளானவர் அவர்தான்.

1985 தேர்தலில் 68 இடங்களில் 58-ஐக் காங்கிரஸ் வென்றது. இமாச்சலத்தில் ஆளுங்கட்சி மீண்டும் வென்றது அதுவே கடைசி. 1990-இல் 9 இடங்களாகச் சுருங்கியது. ஜனதா தளத்துக்குச் சென்றிருந்த ராம் லால், ஜுப்பல்–கோட்காயில் வீரபத்ரையே தோற்கடித்தார். ரோரு தொகுதியிலும் போட்டியிட்டு வென்றிருந்ததால்தான் அவரால் சட்டமன்றத்தில் அமர முடிந்தது.

மூன்றே ஆண்டுகளில் காற்று திரும்பியது. பாரதிய ஜனதாவின் சாந்த குமார் ஆட்சியில் ஆப்பிள் விவசாயிகள் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களுக்கு 'வேலை இல்லையேல் சம்பளம் இல்லை' என்ற விதி பாய்ந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அரசு ஊழியரோ ஓய்வூதியரோ இருக்கும் மாநிலத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பாபர் மசூதி இடிப்புக்குப் பின் அந்த ஆட்சி கலைக்கப்பட்டு, 1993-இல் தேர்தல் வந்தபோது காங்கிரஸ் 52 இடங்களைப் பெற்றது. பாரதிய ஜனதா 8. வீரபத்ர சிங் மீண்டும் முதலமைச்சரானார்.

1998-இல் அவர் பதவியேற்றும் சில நாட்களே நீடித்தார். காங்கிரசிலிருந்து பிரிந்த சுக் ராமின் இமாச்சல் விகாஸ் காங்கிரஸ், பாரதிய ஜனதாவின் பிரேம் குமார் துமலை ஆதரித்துவிட்டது. அதன்பின் 2003-இல் வீரபத்ர், 2007-இல் துமல், 2012-இல் மீண்டும் வீரபத்ர் என ஆட்சி மாறி மாறி வந்தது.

இந்தப் போட்டி தொப்பியிலும் தெரிந்தது. பச்சை மடிப்பு கொண்ட புஷஹர் தொப்பி வீரபத்ரின் அடையாளம்; துமல் அணிந்தது செம்மெரூன் தொப்பி. பழைய சமஸ்தானங்களைக் கொண்ட மேல் இமாச்சலமும், 1966-இல் பஞ்சாபிலிருந்து வந்து சேர்ந்த காங்ரா முதலான கீழ் இமாச்சலமும் ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கின. திருமண வீட்டில் ஒருவர் தலையைப் பார்த்தே அவர் வாக்கு எங்கே போகும் எனச் சொல்லிவிடலாம் என்ற நிலை. வீரபத்ர் இதை உணர்ந்தே இருந்தார். 2005-இல் சட்டமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடரைக் காங்ராவின் தர்மசாலாவில் கூட்டினார்; 2017-இல் அந்நகரை இரண்டாம் தலைநகராக அறிவித்தார். ஆனால் அதே ஆண்டுத் தேர்தலில் அவரது கட்சி 21 இடங்களையே பெற்றது.

வழக்குகள்

2009-இல் மண்டியிலிருந்து மக்களவைக்குச் சென்று ஒன்றிய எஃகு அமைச்சரானார். 1989-இல் நடந்ததாகக் கூறப்பட்ட ஒரு தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவை அடிப்படையாகக் கொண்ட ஊழல் வழக்கில் 2012 ஜூனில் குற்றச்சாட்டு பதிவாக, ஒன்றிய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஒரு முதிய தலைவரின் அரசியல் வாழ்வு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். அவரோ மாநிலக் காங்கிரஸ் தலைவராகத் திரும்பி, நவம்பர் தேர்தலில் 36 இடங்களைப் பெற்றுத் தந்தார். டிசம்பரில் அவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டு, 25-ஆம் நாள் ஆறாவது முறையாகப் பதவியேற்றார்.

வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்கு அவ்வாறு முடியவில்லை. எஃகு அமைச்சராக இருந்த காலத்தில் சேர்ந்த பணம் ஆப்பிள் தோட்ட வருமானமே என்பது அவர் தரப்பு வாதம். 2015 செப்டம்பரில், மகளின் திருமண நாளன்று, மத்தியப் புலனாய்வுத் துறை அவர் வீட்டில் சோதனையிட்டது. தேதித் தேர்வு தற்செயலா என்று அவரது எதிரணியினர் சிலரே முகம் சுளித்தனர். ஆனாலும் குற்றச்சாட்டு சிறியதன்று. அவர் இறக்கும்வரை இறுதித் தீர்ப்பு வரவில்லை.

இறுதிக் காலம்

2017-இல் தமது சிம்லா ஊரகத் தொகுதியை மகன் விக்கிரமாதித்த சிங்குக்கு விட்டுக்கொடுத்து, 83 வயதில் அர்க்கி என்ற புதிய தொகுதியில் நின்று வென்றார். இறந்தபோதும் அத்தொகுதியின் உறுப்பினர். உடல் ராம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. தகனத்துக்கு முன் பதம் அரண்மனையில் மகனுக்குத் திலகமிட்டு வாரிசுச் சடங்கு செய்யப்பட்டது. அரச பட்டங்கள் ஒழிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த சில மாதங்களில் மனைவி பிரதிபா சிங் மண்டி மக்களவை இடைத்தேர்தலில் வென்றார். 2022-இல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தபோது முதலமைச்சர் பதவிக்கு அவர் பெயரும் பேசப்பட்டது. கட்சி தேர்ந்தெடுத்தது சுக்விந்தர் சிங் சுக்குவை. அவரது தந்தை அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து ஓட்டுநர். விக்கிரமாதித்தர் அந்த அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றார். தந்தை 1977-இல் தோற்ற அதே மண்டியில், 2024 மக்களவைத் தேர்தலில் நடிகை கங்கனா ரணாவத்திடம் அவர் தோல்வியுற்றார்.