ப்ளைவுட் கிட்டாரும் 150 டாலர் சத்தமும்

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் என்னோட கிட்டார்தான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின எலெக்ட்ரிக் ஆர்ச்டாப், சீனாவில் செஞ்சது. ஜாஸ் கத்துக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கினேன். வாசிப்பில் என்னைவிடப் பல வருஷம் சீனியரான ஒரு நண்பர் அதைக் கையில் வாங்கி, பின்பக்கம் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தார். "ப்ளைவுட்தானேப்பா இது? ஜாஸுக்கெல்லாம் சரிவராது"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டார்.

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அவர் சொன்னது சரிதானான்னு தேடப் போனதில் கிடைத்த கதைதான் இது.

முதல்ல, ஆர்ச்டாப்னா என்ன? சாதாரண கிட்டாரோட மேல்பலகை தட்டையா இருக்கும். ஆர்ச்டாப்ல வயலின் மாதிரி நடுவில் மேடா வளைந்திருக்கும். 1890களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்ற ஊரில், ஆர்வில் கிப்சன் என்பவர் வயலின் முறையில் பலகையைச் செதுக்கி மாண்டலினும் கிட்டாரும் செய்தார். அவர் பெயரில் வந்த கம்பெனி 1922ல் எல்-5 என்ற மாடலைக் கொண்டுவந்தது. வயலினில் இருக்குமே, எஃப் எழுத்து மாதிரி ரெண்டு துளை, அதுவும் இந்தக் கிட்டாரில் இருந்தது.

ஆனா ஒரு சிக்கல். 1930கள் பெரிய ஸ்விங் பேண்டுகளின் காலம். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது கிட்டார் யார் காதில் விழும்? தாளத்துக்குக் கார்டு போடுவதுதான் கிட்டாரிஸ்டோட வேலை. தனி ஆவர்த்தனமெல்லாம் அநேகமா கிடையாது. கம்பெனிகள் கண்டுபிடித்த தீர்வு, கிட்டாரையே பெருசாக்குவது. 1934ல் கிப்சன் 18 அங்குல அகலத்தில் சூப்பர் 400 கொண்டுவந்தது. பேர்ல இருக்கிற 400தான் விலை, டாலரில்.

ரெண்டே வருஷத்தில், 1936ல், அதே கம்பெனி வேற வழியில் போனது. இஎஸ்-150. இஎஸ் என்றால் எலெக்ட்ரிக் ஸ்பானிஷ். அப்போ எலெக்ட்ரிக் கிட்டார்னாலே பெரும்பாலும் மடியில் படுக்கவைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார்தான். இது நிமிர்த்திப் பிடித்து வாசிப்பது, அதனால் ஸ்பானிஷ். 150? கிட்டார், ஆம்ப், கேபிள் மூணும் சேர்த்து சுமார் 150 டாலர். சூப்பர் 400ல் பாதிகூட இல்லை.

அதுக்காக அது மலிவுன்னு நினைக்க வேண்டாம். 1938ல் அமெரிக்கா கொண்டுவந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் மணிக்கு 25 சென்ட் என்றது. அந்தக் கணக்கில் 150 டாலர் சம்பாதிக்க 600 மணி நேரம் உழைக்கணும். வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை செய்தாலும் மூணு மாசத்துக்கு மேலே ஆகும், ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூடச் செலவு பண்ணாமல்.

இந்தக் கிட்டாருக்கு அர்த்தம் கொடுத்தவர் சார்லி கிறிஸ்டியன். 1916ல் டெக்சாஸில் பிறந்து ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்த கறுப்பின இளைஞர். அப்பா கண் தெரியாத இசைக்கலைஞர். குடும்பமே தெருவில் வாசித்துக் காசு வாங்கியிருக்கிறது. 'இன்விசிபிள் மேன்' நாவலை எழுதிய ரால்ஃப் எலிசனும் அதே ஊர்க்காரர். பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் சார்லி சுருட்டுப் பெட்டிகளை வைத்துக் கிட்டார் செய்ததை அவர் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

சுருட்டுப் பெட்டியில் தொடங்கிய அந்தப் பையன், 1939 ஆகஸ்டில், ஜான் ஹாமண்ட் சிபாரிசில் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்தார். எலெக்ட்ரிக் கிட்டாரை முதலில் கையில் எடுத்தவர் அவர் இல்லை. எடி டர்ஹாம் போன்றவர்கள் 1938லேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஆனா சார்லி அதில் சாக்ஸஃபோன்காரர் மாதிரி யோசித்தார். ஒவ்வொரு ஸ்வரமா, நீளமான வாக்கியங்களா வாசித்தார். அந்த வருஷம் டிசம்பரில் டவுன் பீட் பத்திரிகையில் அவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. கிட்டாரிஸ்டுகளே, கரண்டில் இணையுங்கள், உங்கள் வாசிப்பு மற்றவர்களுக்குக் கேட்கட்டும் என்பதுதான் அதன் சாரம். 1942 மார்ச் 2ஆம் தேதி காசநோயில் இறந்தார். வயசு 25. பெரிய மேடையில் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ரெண்டே வருஷம்.

சரி, ப்ளைவுட் எங்கே வந்தது?

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனா 'கூ...'ன்னு ஊளையிடுமே, அதே பிரச்சினை எலெக்ட்ரிக் ஆர்ச்டாப்புக்கும் உண்டு. ஆம்பிலிருந்து வரும் சத்தம் மேல்பலகையை அதிர வைக்கும். அந்த அதிர்வு பிக்கப் வழியா திரும்ப ஆம்புக்கே போகும். நல்லா அதிரும் பலகை என்றால் தொல்லை அதிகம். 1949ல் வந்த இஎஸ்-175ல் மேப்பிள் அடுக்குகளை ஒட்டி, அழுத்தி வளைத்த பலகையைப் போட்டார்கள். செதுக்கும் வேலை இல்லை, அதனால் செலவு குறைவு. பலகை விறைப்பா இருப்பதால் ஊளையும் குறைவு. விலை 175 டாலர், மறுபடியும் பேரிலேயே.

அதாவது, ப்ளைவுட். அதில்தான் ஹெர்ப் எல்லிஸ், ஜிம் ஹால், ஜோ பாஸ் எல்லாம் வாசித்தார்கள். ஜோ பாஸ் கதை தனி. போதைப் பழக்கத்திலிருந்து மீள சினனான் என்ற மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது அவரிடம் சொந்தக் கிட்டாரே கிடையாது. 1962ல் வந்த 'சவுண்ட்ஸ் ஆஃப் சினனான்' ஆல்பத்தில் வாசித்தது மையத்தில் இருந்த சாலிட் பாடி கிட்டார். அப்புறம் ஒரு ரசிகர் இஎஸ்-175 பரிசளிக்க, பல வருஷம் அதுதான் அவர் துணை. செலவைக் குறைக்கப் போட்ட பலகை தந்த அந்த உலர்ந்த, சட்டென அடங்கும் நாதத்தைத்தான் இன்னைக்கு நாம 'ஜாஸ் கிட்டார் சவுண்ட்'னு சொல்றோம்.

நண்பர் சொன்னது முழுத் தப்பும் இல்லை. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் என் கிட்டார் மெலிசாதான் கேட்கும். செதுக்கின பலகையின் கார்வை இதில் வராது. வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் கம்பி மாட்டி, டோன் குமிழைக் கொஞ்சம் குறைத்து, ஆம்பில் போட்டால் வேற ஆள். ஒரு எச்சரிக்கை: ஆர்ச்டாப்ல பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். முதல் தடவை நான் ஆறு கம்பியையும் மொத்தமா கழற்றிட்டேன். பிரிட்ஜ் நகர்ந்து, ரெண்டு வாரம் அபஸ்வரம். ஒவ்வொண்ணா மாத்துங்க.

இப்போ நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்கு எழுதி வர்றேன். அந்த 600 மணி நேரத்தை நானும் சாதகமா செலுத்துவது என்று. நேத்து வரைக்கும் 140. அறுநூறு முடிந்ததும் அந்த நண்பரை வீட்டுக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன், தட்டிப் பார்க்க இல்லை, கேட்க.